தனகோடி அக்காவின் துணைப்பாடம்

சாம்பார் கொதி வந்ததும் தனகோடி அக்கா அண்ணாந்து பார்க்கிறார். அடுப்பு மேடைக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கொடி. மற்ற சமையற்கட்டுகளில் அதில் கரித்துணி காயும். இங்கே பாடம் காய்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து தபாலில் வந்த தத்துவப் புத்தகத்தின் முதுகைப் பிரித்து, தாள் தாளாக்கி, துணி கிளிப்பில் வரிசையாக மாட்டியிருக்கிறார். அடுப்புக்கு நேர் மேலே அறிவைப் பெறும் வழிகள். அரிசி களையும் தொட்டிக்கு மேலே மறுபிறப்பு. கிரைண்டர் பக்கம் கடவுள் மறுப்பு. மாவாட்டும்போதுதான் அதிக நேரம் ஓரிடத்தில் நிற்பார் என்பதால் கடவுள் மறுப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை ஒப்பித்து முடித்து, மாவை வழித்து, கிரைண்டருக்கு விபூதி பூசிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர்வார்.

பரீட்சை முடிந்து இரண்டு மாதமாகிறது. தாள்களை இன்னும் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டால், "இன்னும் பதில் சொல்லி முடிக்கலியே மேடம், அதுங்க பாட்டுக்குக் கேட்டுகினே கீது" என்கிறார்.

செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பெண்கள் விடுதி எங்களுடையது. மருத்துவக் கல்லூரி மாணவிகள், டீச்சர்கள், என்னைப்போல எலக்ட்ரிக் ரயிலில் தாம்பரத்துக்குப் போய்வரும் குமாஸ்தாக்கள் என்று அறுபது பேர். பதினைந்து வருடமாக இந்த அறுபது பேருக்கும் ஆக்கிப்போடுகிறவர் தனகோடி அக்கா. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அண்டாவை எட்டிப் பார்க்க ஒரு பலகை போட்டு ஏறி நிற்பார். வயதைக் கேட்டால் நாற்பதுக்கு இன்னும் ரெண்டு வருசம் என்பார். நான் இங்கே வந்த நான்கு வருடத்தில் அந்த இரண்டு வருடம் குறையவே இல்லை. கொதியை மோந்து பார்த்தே உப்பு போதாது என்று சொல்லிவிடுவார். உதவிக்கு இருக்கும் ஜெபா நம்பாமல் நாக்கில் விட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் தோற்றுப்போய் உப்பு ஜாடியை எடுப்பாள்.

சொந்த ஊர் செய்யூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, வேர்க்கடலை பிடுங்கி, சவுக்குத் தோப்பில் கட்டை சுமந்து பிழைத்தவர்கள். எட்டாவதோடு நின்ற படிப்பை இங்கே வேலைக்கு வந்தபிறகு டுடோரியலில் சேர்ந்து தொடர்ந்தார் அக்கா. பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் முடிந்தது. அப்புறம் தபால் வழியில் பி.ஏ. வரலாறு. விண்ணப்பத்தில் துணைப்பாடம் என்று ஒரு கட்டம்: பொருளாதாரமா, தத்துவமா? பொருளாதாரம் எடு, சுலபம் என்று விடுதியே சொன்னது. அக்கா தத்துவத்தில் டிக் போட்டார். காரணம் கேட்டபோது அவர் சொன்னதை நான் அப்படியே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்:

"எங்க வூட்டுக்காரரு ரெண்டு ரவுண்டு உள்ள போச்சுன்னா தத்துவம் பேச ஆரம்பிச்சிடுவாரு. பொறப்பு இன்னா, சாவு இன்னான்னு. எனக்குப் பதிலே வராது. இத்த ஒரு கை பாக்கலாம்னுதான்."

அந்த வீட்டுக்காரர் கேசவன், ஸ்டேஷனுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் அவர் வண்டியில் போகும்போது என்னிடம் முறையிட்டார். முன்னெல்லாம் தான் பேசினால் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாளாம். "இப்ப எத்தச் சொன்னாலும் ஆதாரம் கேக்குது மேடம். ஒரே பேஜாராக் கீது." அதிலிருந்து அவர் இரண்டு ரவுண்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் தபால்வழி மாணவர்களுக்குத் தொடர்பு வகுப்பு நடக்கும். வரலாற்றுக்கு நாற்பது பேர் வருவார்கள். தத்துவத்துக்கு நாலு பேர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பகல் சாப்பாட்டுக்குப் பருப்பு போட ஓடி வருவார் அக்கா. ஒருநாள் அப்படி ஓடி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் அறைக்கு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைய பாடம் அனுமானம். கண்ணால் பார்ப்பதை வைத்துப் பார்க்காததை எப்படி அறிவது? நம் பழைய தருக்க நூலார் அதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறார்கள். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் அங்கே புகை தெரிகிறது. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையில் இருப்பதுபோல. இந்த அடுக்களைதான் அக்காவைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டாயிரம் வருசமா இவங்கெல்லாம் நம்ம அடுப்பத்தான் பாத்துகினு இருந்திருக்காங்க மேடம்" என்றார். "வாத்தியாருக்குப் பொக வாசனையே தெரியாது. நான் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்."

கல்லூரியில் எனக்கும் தத்துவம்தான் துணைப்பாடம். அறுபத்திரண்டு மதிப்பெண். பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு மஞ்சள் நிற கைடை வாங்கி, மாலைக்குள் விழுங்கி, மறுநாள் துப்பிவிட்டு வந்தேன். இந்த உண்மையை விடுதியில் யாரிடமும் சொன்னதில்லை. லதா மேடம் ஃபிலாசபி படித்தவர் என்று ஒரு பெயர் இருந்தது; அதை நான் கெடுத்துக்கொள்ளவும் இல்லை. இந்தக் கதையில் நடந்த கெடுதலுக்கெல்லாம் அதுதான் வேர்.

முதல் முறை எழுதிய பரீட்சையில் அக்கா தேறவில்லை. வரலாற்றுத் தாள்கள் எல்லாவற்றிலும் பாஸ், தத்துவத்தில் மட்டும் பதினாறு. விசாரித்தால், அனுமானம் பற்றிய ஒரே ஒரு கேள்விக்கு மூன்று மணி நேரமும் எழுதியிருக்கிறார். சவுக்கு விறகின் புகை, எருமுட்டைப் புகை, தென்னை மட்டைப் புகை, கண் எரியும் புகை, எரியாத புகை. மூன்று முறை கூடுதல் தாள் வாங்கினாராம். "அறுவது பேருக்கு ஆக்கிப் பழகுன கை. ஒரு ஆளுக்கு மட்டும் ஆக்குன்னா அளவு வரமாட்டேங்குது" என்றார்.

மருத்துவக் கல்லூரி ஷபானா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டு விசில், இருபது மதிப்பெண் கேள்விக்கு ஆறு விசில். பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் ஷபானா கேள்வியைப் படிப்பாள். அக்கா அரிசி மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதத் தொடங்குவார். ஆறாவது விசில் வந்ததும் ஜெபா வந்து பேனாவைப் பிடுங்கிவிடுவாள். ஆரம்பத்தில் பருப்பு குழைந்துபோனது. ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் கூழாகப் பருப்பு சாப்பிட்டோம், ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டாவது வாரத்தில் ஐந்து விசிலில் அவரே பேனாவை மூடினார். சமையற்கட்டில் கைதட்டல் கேட்டு வார்டன் கல்யாணி மேடம் பயந்துபோய் ஓடி வந்தார்.

அந்தக் கல்யாணி மேடம் இந்த ஜூலையோடு ஓய்வு பெறுகிறார். அக்காவின் அவசரம் அதில்தான் இருக்கிறது. விடுதிச் செயலாளர் திருநாவுக்கரசு சாருக்கு தனகோடி அக்காவையே வார்டனாகப் போட ஆசை. எந்தப் பெண் எப்போது வருவாள், எவளுக்கு எது சேராது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். ஆனால் வார்டன் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று விடுதியின் விதி சொல்கிறது. பட்டத்துக்குக் குறுக்கே நிற்பது ஒரே ஒரு துணைப்பாடம்.

"பதினஞ்சு வருசமா பின்வாசல் வழியாத்தான் மேடம் வந்துகினு கீறேன்" என்று ஒருமுறை கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே சொன்னார். "இந்த வூட்டு முன்வாசல் எம்மாம் அகலம்னுகூட எனக்குத் தெரியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டாவது பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு. எட்டு பத்து ரயிலைப் பிடிக்க ஒரு காலில் செருப்பும் கையில் டிபன் டப்பாவுமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா சமையற்கட்டு வாசலில் நிறுத்தினார். பாடத்தின் கடைசியில் ஒரு கேள்வி: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதால், நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்று சொல்லலாமா? சரியா, தப்பா?

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. திருப்பிப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். ரயிலைப் பிடித்துவிட்டேன்.

அதே கேள்வி வந்தது, இருபது மதிப்பெண்ணுக்கு. எல்லாக் கேள்விக்கும் விசில் கணக்கில் விடை எழுதி, பத்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு எழுந்தாராம். அன்று மாலை தோசை வார்த்துக்கொண்டே எல்லோருக்கும் அதைச் சொன்னார். "மேடம் சொன்ன மாதிரியே எழுதிட்டேன், ரெண்டும் ஒண்ணுதான்னு" என்றார். அவருக்குப் பின்னால் காஸ் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. விடுதிக்கு காஸ் வந்து அப்போது ஒன்றரை வருடம். அந்த நீல நெருப்பில் ஒரு பொட்டுப் புகை இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

முப்பத்தாறு வந்தது. தேற நாற்பது வேண்டும். ஜெபா அழுதாள், ஷபானா பல்கலைக்கழகத்தைத் திட்டினாள். எனக்கு மட்டும் அந்த நான்கு மதிப்பெண் எங்கே போயிற்று என்று தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடவே ஒரு கடிதமும் வந்தது: பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்திட்டத்தில் எழுத இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதையும் விட்டால் துணைப்பாடத்தை முதலிலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும். அதற்குள் வார்டன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதையும் ஒரு கிளிப்பில் மாட்டினார். பிறகு, புளி கரைக்க நேரமாயிற்று என்றார்.

பிப்ரவரியில் விடுதிப் பெண்கள் எல்லோரும் ஒரு பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். அக்காவையும் இழுத்துக்கொண்டு போனோம். அன்றைக்கு ஒருநாள் அவர் சமைக்கக் கூடாது என்று ஏற்பாடு. எல்லோரும் கோயிலையும் கடலையும் பார்க்க, இவர் மணலில் சோளம் சுட்டு விற்கும் அம்மாளின் எதிரே குந்திவிட்டார். கரிக் கங்கு செக்கச் செவேலென்று இருந்தது. அந்த அம்மாள் விசிறியால் விசிற விசிற, சிவப்பு இன்னும் ஏறியது. அக்கா கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்து, கீழிருந்து மேலாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இதுல நெருப்பு கீது. பொக எங்க?"

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? படித்தவள் என்ற பெயர் பொல்லாதது. "கடல் காத்து அக்கா, பொகையை அடிச்சுகிட்டுப் போயிடும்" என்றேன். அக்கா கடலைப் பார்த்தார், கரி நெருப்பைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சோளத்தை வாங்கிப் பாதியை எனக்கு ஒடித்துக் கொடுத்தார்.

மூன்றாவது பரீட்சை மே மாதம். அன்று காலை எப்படியும் சொல்லிவிடுவது என்று சீக்கிரம் எழுந்து கீழே போனேன். ஜெபா அவருக்கு இட்லி ஊட்டாத குறையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷபானா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கேசவன் ஆட்டோவை முறுக்கிக்கொண்டிருந்தார், அன்றைக்கு சவாரி எதுவும் ஏற்றாமல். அத்தனை பேர் நடுவில் நான் நெருங்கிப் போய், "நல்லா எழுதுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் கேட்டபோது நல்லாத்தான் எழுதினேன் என்றார். என்ன கேள்வி வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்க பயம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அக்கா எப்போதும்போல் இருந்தார். ரசத்துக்குத் தாளித்தார், கேசவனிடம் ஆதாரம் கேட்டார், மாவாட்டும்போது கடவுளை மறுத்தார்.

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். பதிவு எண்ணை நான்தான் சொன்னேன், இரண்டு முறை தப்பாக. மூன்றாவது முறை திரை மெல்ல மெல்லக் கீழிறங்கி, கடைசி வரியில் நின்றது. நாற்பத்தேழு. பாஸ். கடைக்காரர் அச்சடித்துக் கொடுத்த தாளை நான் வாங்கிக்கொண்டேன். அக்கா கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்து, நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

ரோட்டில் நடக்கும்போது, "நீங்க எவ்ளோ எடுத்தீங்க மேடம்?" என்று கேட்டார்.

அறுபத்திரண்டு என்று சொல்ல நாக்கு கூசியது. சொன்னேன். சொன்ன கையோடு மற்றதையும் கொட்டிவிட்டேன். மஞ்சள் கைடு, ஓட்டமாக ஓடிய அந்தக் காலை, இரண்டும் ஒன்றில்லை என்பது, கடல் காற்று, எல்லாம். அந்த முப்பத்தாறு அவருடையதல்ல, என்னுடையது என்றேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அக்கா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன அன்னிக்கே அடுப்பப் பத்த வச்சுப் பாத்தேன் மேடம்" என்றார் பிறகு. குரலில் கோபம் இல்லை. "நெருப்பு கீது, பொக இல்ல. நீங்க பி.ஏ. முடிச்சவங்களாச்சே. அடுப்புதான் தப்பா எரியுதுன்னு நெனச்சிக்கினேன்."

கேட்டைத் தூக்கினார்கள். பஸ்களும் சைக்கிள்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிளம்பின. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அப்பால அந்தச் சோளக்காரம்மா அடுப்பையும் பாத்தேன். ஒரு அடுப்பு தப்பா எரியலாம் மேடம். ரெண்டுமா சேந்து தப்பா எரியும்? இந்தத் தபாவும் அதே கேள்விதான் வந்துச்சு. அதான், அடுப்பையே எழுதிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையில் இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்துக்கொண்டார். என் கையில் இருந்த தாளை, கசங்காமல், மெல்ல உருவி வாங்கிக்கொண்டு, செயலாளர் அறையை நோக்கி எனக்கு முன்னால் நடந்தார்.